அப்பச்சியின் மேல் தாடை: எலும்பு வைத்துக் காத்திருப்பதா, கன்ன எலும்பில் திருகுவதா?

தேவகோட்டையான்: அப்பச்சிக்கு (என் தந்தைக்கு) மேல் தாடையில் எலும்பே இல்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். எலும்புத்தூள் வைத்து ஆறு மாதமும், பல்லுக்கு வேராக நிற்கும் திருகான இம்பிளான்டைப் பதித்தபின் இன்னோர் ஆறு மாதமும் பொறுக்க வேண்டுமாம். சென்னையில் ஒருவர் கன்ன எலும்பில் திருகி ஒரே வாரத்தில் பல் கட்டுவதாகச் சொல்கிறார். தை மாதம் அவருக்குப் பீமரத சாந்தி, எழுபது வயதுச் சடங்கு. எதை நம்புவது? அவசரம்.

பள்ளத்தூர் வாசி: ஸ்கேனில் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு தெரிகிறது? சர்க்கரை உண்டா? புகையிலை போடுவாரா? எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டவரா? இவற்றைச் சொல்லாவிட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

கண்டனூர் மருமகள்: என் மாமியாரும் பல்லாண்டுகள் பல்செட் அணிந்தவர்தான். மேல் தாடைப் பின்பற்களுக்கு மேலுள்ள சைனஸ் என்ற காற்றறையின் தளத்தை உயர்த்தி எலும்பு வைத்தபின் சில வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடியே தும்ம வேண்டும் என்றார்கள். சிகிச்சையைவிட அதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

மூத்த உறுப்பினர்: இந்த மன்றத்தின் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லாததால் மீண்டும் சொல்கிறேன். பல் போனால் எலும்பு கரைகிறது. அந்தச் சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரிகிறது. மிஞ்சிய எலும்பின் உயரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டராவது இருந்தால் எலும்பு வைக்கும்போதே இம்பிளான்டையும் பதித்துவிடலாம். அதற்கும் குறைந்தால் திருகு அசையாமல் நிற்காது என்பதால்தான் இரண்டு கட்டம். 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானிய இம்பிளான்ட் பதித்த ஸ்வீடனின் பிரோனமார்க், கீழ்த் தாடைக்கு மூன்று மாதம், பஞ்சுபோன்ற மேல் தாடைக்கு ஆறு மாதம் என்றே கணக்கு வைத்திருந்தார். காலத்தை விதிப்பது எலும்பு, மருத்துவர் அல்ல.

பள்ளத்தூர் வாசி: கன்ன எலும்புத் திருகையும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட வேண்டாம். 30 மில்லிமீட்டருக்கும் மேல் நீளமான அது, கரையாத எலும்பைப் பற்றுவதால் தற்காலிகப் பல்லைச் சில நாட்களிலேயே பொருத்த முடிகிறது. ஆனால் கண்குழியை ஒட்டிச் செல்லும் அறுவை அது. பின்னாளில் சைனஸ் அழற்சியும் வரலாம். கை தேர்ந்தவரா என்று விசாரியுங்கள்.

கோவிலூரான்: எலும்புத்தூள் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து எடுப்பது. சாந்தி கழிக்கும் வீட்டில் அதைச் சொல்லிவிட்டார்களா?

மூத்த உறுப்பினர்: புரதம் நீக்கிய தாது மட்டுமே அது. கோழிக்கும் நண்டுக்கும் பேர்போன செட்டிநாட்டுச் சீமையில் இதற்கு ஆசாரமா?

கோவிலூரான்: கோழியும் மாடும் ஒன்றா, ஐயா? உண்பது வேறு, உடம்பிலேயே வைத்துக்கொள்வது வேறு.

கண்டனூர் மருமகள்: இருவரும் சற்றுப் பொறுங்கள். செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டும் உண்டு. நோயாளியின் சொந்த எலும்பையும் எடுத்து வைக்கலாம். கேட்டால் மருத்துவரே சொல்வார்.

தேவகோட்டையான்: தாமதத்துக்கு மன்னிக்கவும். இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3 மில்லிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 சதவீதம், முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். சாந்திக்குப் பழைய பல்செட்டையே உட்புறம் திருத்திப் போட்டுக்கொள்வார். மாட்டெலும்பு என்றதும் அப்பச்சி எழுந்து வீட்டு முகப்புக்குப் போய்விட்டார்.