பாஸ் கணக்கைப் பார்த்து பையனைத் தேர்ந்தெடுக்கலாமா?

வியாசர்பாடி கோச்:
எங்கள் ஏரியாவில் 15 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். மேட்சை மொபைலில் எடுத்து, ராத்திரி உட்கார்ந்து யார் எத்தனை பாஸ் போட்டான், எத்தனை முறை பந்தை விட்டான் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பின்னால் நம்ம கோலைக் காக்கிற ஸ்டாப்பர் இடத்தில் ஆடிய பையன் போட்ட 26 பாஸில் 24 சரியாகப் போனது. லெஃப்ட் விங் பையன் 11 முறை பந்தைப் பறிகொடுத்தான், ஆனால் நாங்கள் அடித்த இரண்டு கோலும் அவன் காலிலிருந்து கிளம்பியவைதான். செலக்‌ஷனுக்கு ஒருவனைத்தான் அனுப்ப முடியும். நோட்டை நம்புவதா, கண்ணை நம்புவதா?

பெரம்பூர் ஹாஃப்:
கண்ணை நம்புங்க அண்ணா. 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் 18 சதவீதம்கூட பந்தை வைத்திருக்கவில்லை, ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்தது. அடுத்து மொராக்கோவோடு ஸ்பெயின் ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டும் ஒரு கோல் வரவில்லை, பெனால்டியில் வெளியே போனார்கள்.

கோடம்பாக்கம் ரசிகன்:
நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம் சார், எண்ணும் விதத்தை மாற்றுங்கள். ஸ்டாப்பருக்குப் பந்து வரும்போது பக்கத்தில் ஆளே இருக்க மாட்டான், கீப்பருக்குத் தட்டினாலும் அது ஒரு பாஸ்தான். விங்கரோ இரண்டு பேர் மேலே ஏறி நிற்கும்போது வாங்குகிறான், ஆகவே ரெண்டு பேரையும் ஒரே சதவீதத்தில் நிறுத்துவது அந்தப் பையனுக்குச் செய்கிற அநியாயம். கிரவுண்டை மூன்றாகப் பிரித்து, பந்து எங்கே போனது, போன பிறகு என்ன ஆனது என்று குறியுங்கள். நம்ம கோல் பக்கம் விட்ட ஒரு பந்தும் அவர்கள் பாக்ஸ் ஓரம் விட்ட ஒரு பந்தும் ஒன்றாகுமா?

தண்டையார்பேட்டை பேக்:
இன்னொன்று, பந்தைப் பறிக்கிற பையன்களுக்கும் இதே தப்பு நடக்கும். 2015-16-இல் பிரீமியர் லீக் ஜெயித்த லெஸ்டர் பந்தைக் குறைவாகவே வைத்திருந்த அணி, அதில் காண்டே அந்த சீசனில் யாரையும்விட அதிகமாக டேக்கிள் செய்தார். எதிரணியிடம் பந்து நிறைய நேரம் இருந்தால் பறிக்கவும் வாய்ப்பு நிறைய வரும். அதற்காக அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, அடுத்த வருஷமே செல்சிக்குப் போய் அங்கேயும் கப் வாங்கினார். எதிரணி 30 நிமிடம் பந்து வைத்திருந்தபோது 10 பறித்தவனைவிட, 15 நிமிடத்தில் 7 பறித்தவன் கெட்டிக்காரன். அதையும் நோட்டில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

வியாசர்பாடி கோச்:
நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த 11-இல் 8 அவர்கள் பாக்ஸ் பக்கத்தில் போனவை, அதில் மூன்று முறை அவனே திரும்பி ஓடி வந்து பந்தைப் பிடுங்கியிருக்கிறான். மேட்சின்போது இது என் கண்ணிலேயே படவில்லை. ஸ்டாப்பரின் 24-இல் பாதிக்கு மேல் கீப்பருக்கும் பக்கத்து பேக்குக்கும்தான். விங்கரை அனுப்புகிறேன். ஸ்டாப்பர் பையனை நாளை காலையிலிருந்து ஹாஃப் லைனில், அதாவது நடு கிரவுண்டில், ஆட விட்டுப் பார்க்கிறேன், அங்கே அவனுக்கு இவ்வளவு இடம் கிடைக்காது.