செராமிக் கோட்டிங் கீறலைத் தடுக்குமா?

கேள்வி: புதிய காருக்குச் செராமிக் கோட்டிங் செய்தால் கீறலே விழாது, கழுவும் வேலையும் இல்லை என்கிறார்களே, இதை நம்பலாமா?

பதில் 1: நம்ப வேண்டாம். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படலம் பொதுவாக ஓரிரு மைக்ரான் தடிமனே உடையது என்பதால், தெறிக்கும் கல்லையோ சாவிக் கீறலையோ அதனால் தாங்க முடியாது. அதற்குப் பிபிஎஃப் எனப்படும் தடித்த ஒட்டுப்படலம்தான் வேண்டும். விளம்பரங்களில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று அதற்குப் பொருளில்லை.

பதில் 2: ஆனாலும் பயனற்றது என்று ஒதுக்கிவிடாதீர்கள். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடுவதால் அழுக்கு எளிதில் அகலும். பறவை எச்சம் பெயிண்டை அரிப்பதற்குள் துடைத்தெடுக்கச் சற்று அவகாசமும் கிடைக்கும். முதலில் பாலிஷ் செய்து மெல்லிய கீறல்களை நீக்கச் சொல்லுங்கள், இல்லையெனில் அவை படலத்துக்கு அடியிலேயே தங்கிவிடும்.

கேட்டவர்: மிக்க நன்றி. உப்புநீர்க் கறையும் படியாதா?

பதில் 2: படியும். துளிகளை வெயிலில் காயவிடாமல் ஒற்றி எடுத்துவிடுங்கள்.