பனி குறைந்தால் மண் உறையுமா? வடக்குக் காடுகள் பற்றி ஒரு சண்டை

வேர்முண்டு: "குளிர்காலம் வெதுவெதுப்பானால் அமெரிக்க வடகிழக்குக் காடுகளில் மண் உறையாது, மரம் செழிக்கும்" என்று மேலே ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் 1997-98, 1998-99 குளிர்காலங்களில் பனியை வாரி எறிந்து பார்த்தார்கள். பனிப் போர்வை போனதும் மண் உறைந்தது, மெல்லிய வேர்கள் செத்தன, சர்க்கரை மேப்பிள் மரங்கள் நின்ற பாத்திகளில் நைட்ரேட் (வேர் உறிஞ்ச வேண்டிய தழைச்சத்து) கரைந்தோடியது.

கணக்கன்: வாரினார்கள், சரி. காற்றைச் சூடாக்கினார்களா? காற்று பழைய குளிரிலேயே இருக்க, போர்வையை மட்டும் உருவினால் உறையாமல் என்ன செய்யும்?

வேர்முண்டு: 20-30 செ.மீ. பனி கிடந்தால் காற்றின் குளிர் மண்ணை அவ்வளவாக எட்டாது. வெப்பம் கூடும்போது முதலில் போவது அந்தப் பனிதான். இடையில் ஓரிரவு கடுங்குளிர் அடித்தால் வெறுந்தரை உறைகிறது. அதுவும் லேசான உறைவுதான், வேருக்கு அதுவே போதும்.

கணக்கன்: காற்றைச் சூடாக்கினார்களா, இல்லையா?

மலைச்சாரல்: நைட்ரேட்டை விட்டுவிட்டீர்களே. உறைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அதிகமாகத் தழைச்சத்தை விடுவித்ததாக அளவீட்டில் தெரியவில்லை. உறிஞ்ச வேர் இல்லாததால்தான் ஓடியது.

வேர்முண்டு: அதேதான். இன்னொன்று, 2013 முதல் அங்கேயே நடக்கும் சோதனையில் மண்ணுக்குள் சூடாக்கும் கம்பி புதைத்து, வளரும் பருவத்தில் 5 டிகிரி கூட்டுகிறார்கள். அப்படிச் சூடாக்கியதில் சில பாத்திகளில் குளிர்காலத்தில் பனியையும் வாரி 72 மணி நேரம் உறையவிட்டு, பிறகு கம்பியால் 72 மணி நேரம் உருக்குகிறார்கள். வெறும் சூட்டில் மரம் கூடுதலாக வளர்ந்தது. உறைந்து உருகிய பாத்திகளில் அந்தக் கூடுதலில் பாதி காணாமல் போனது. வாரும்போது அடியில் சில செ.மீ. விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் சருகு கிளறிப்போகும், கருத்த தரை வெயிலையும் குடிக்கும்.

கணக்கன்: கம்பி மண்ணில்! காற்றில் அல்ல! மொத்தமே ஆறு பாத்தி: சூடு மட்டும், சூடும் உறைவும், ஒன்றும் செய்யாதது என ஒவ்வொரு வகைக்கும் இரண்டு. இதை வைத்து வடக்குக் காடு முழுவதற்கும் தீர்ப்பா? 1998 ஜனவரியில் உறைமழைப் புயல் (மழைநீர் கிளையில் பட்டதும் பனிக்கட்டியாக உறைவது) அதே காட்டில் கிளைகளை முறித்ததே, அதை ஏன் யாரும் பேசவில்லை?

மலைச்சாரல்: மேப்பிள் நலிந்ததற்கு அமில மழையில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போனதும் காரணம். 1999-இல் 11.8 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் ஹெலிகாப்டரில் கால்சியம் சிலிக்கேட் தூவிய பிறகு மேப்பிள் தேறியதே!

வேர்முண்டு: சுண்ணாம்புக்குத் தனித் திரி போடுங்கள் ஐயா. புயல் அடித்தது உண்மை, ஆனால் பனி வாராத ஒப்பீட்டுப் பாத்திகளும் அதே காட்டில்தான் இருந்தன. உறைவின் ஆழத்தை அளந்ததும் சும்மா அல்ல: மெத்திலீன் நீலம் கரைத்த நீர்க்குழாயை மண்ணில் இறக்குவார்கள். உறைந்த பகுதியில் நீலம் வெளுத்துவிடும், அளவுகோலில் படித்துக்கொள்ளலாம்.

கணக்கன்: அந்தக் குழாய் ஆழத்தைச் சொல்லும், உறைவின் வகையைச் சொல்லாது. கெட்டியாக இறுகிய உறைவில் உருகுநீர் உள்ளே இறங்காது, பொலபொலவென்ற உறைவில் இறங்கும். நைட்ரேட் எந்த வழியாகப் போனது என்பதே அதைப் பொறுத்தது. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேர்முண்டு: செத்த வேருக்கு எந்த வகை உறைவு என்ற கணக்கெல்லாம் கிடையாது.