ஆனி சாப்மன் கொலை: அன்னிக்கு இருந்த குளிரை வெச்சு நேரத்தைச் சொல்ல முடியுமா?

கேஸ்டைரி:

வணக்கம் மக்களே. லண்டன்ல பொண்ணுங்களைக் கொன்னு கடைசி வரைக்கும் யாருன்னே தெரியாமப் போன ஜாக் த ரிப்பர் கேஸ்ல, ரெண்டு வாரமா ஆனி சாப்மன் கொலைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கேன். 1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், ஹான்பரி தெரு 29ஆம் நம்பர் வீட்டுக் கொல்லைப்புறம். காலைல 6 மணி வாக்குல அங்க குடியிருந்த ஜான் டேவிஸ் பாடியைப் பாக்குறார், 6:30க்கு போலீஸ் டாக்டர் ஜார்ஜ் ஃபிலிப்ஸ் வர்றார். தொட்டுப் பாத்துட்டு உயிர் போய் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும், அதுக்கு மேலயும் இருக்கலாம்னு சொல்றார், அதாவது 4:30 இல்ல அதுக்கும் முன்னாடி.

ஆனா மூணு சாட்சிங்க இதுக்கு நேர் எதிரா நிக்கிறாங்க. ஜான் ரிச்சர்ட்சன் 4:45 வாக்குல அதே கொல்லைப் படிக்கட்டுல உக்காந்து பூட்ஸ்ல உறுத்துன தோலை வெட்டிருக்கார், பாடி எதுவும் இல்லைங்கறார். பக்கத்து வீட்டு ஆல்பர்ட் கடோஷ் 5:15க்கு மேல வேலிக்கு அந்தப்பக்கம் "நோ"ன்னு ஒரு குரலும் அப்புறம் வேலில ஏதோ மோதுற சத்தமும் கேட்டேங்கறார். எலிசபெத் லாங் 5:30க்கு வீட்டு வாசல்ல ஆனியை ஒரு ஆளோட பாத்தேங்கறாங்க.

இப்ப என் கேள்வி. ஃபிலிப்ஸே இன்க்வெஸ்ட்ல (சாவு எப்படின்னு நடக்கற விசாரணை), அன்னிக்குக் காலை ஓரளவு குளிரா இருந்துச்சு, ரத்தமும் நிறைய போயிருக்கு, அதனால பாடி சீக்கிரம் ஆறிருக்கலாம்னு சேத்துச் சொல்லிருக்கார். அப்ப அன்னிக்கு எத்தனை டிகிரின்னு கிரீன்விச் வானாய்வுக்கூடத்து வானிலை ரெக்கார்டை எடுத்துப் போட்டா இந்த 4:30ஆ 5:30ஆங்கற சண்டையே தீந்துடாதா? இன்னொண்ணு, மூடுபனி இருந்திருந்தா ரிச்சர்ட்சன் கண்ணுக்கு பாடி தெரியாமப் போயிருக்குமா? நான் இப்போதைக்கு டாக்டர் பக்கம்தான். மூணு பேர் தப்பா ஞாபகம் வெச்சுக்கறது நடக்கும், உடம்பு பொய் சொல்லாதுல்ல.

இருட்டுச்சந்து:

முதல்ல மூடுபனியைத் தூக்கி ஓரமா வைங்க ப்ரோ. சினிமாக்காரங்க வெச்ச புகை அது. ரிப்பர் பண்ணதா சொல்ற அஞ்சு கொலைல எதுலயுமே கண்ணை மறைக்கற பனின்னு இன்க்வெஸ்ட்ல யாரும் சொல்லல. ஆகஸ்ட் 31, பாலி நிக்கல்ஸ் கொலையான ராத்திரி இடி மழை, அது போக துறைமுகத்துப் பக்கம் தீப்பிடிச்சு வானமே செவந்து கெடந்துச்சு. எலிசபெத் ஸ்ட்ரைட் கொலையான செப்டம்பர் 30 மழை பெஞ்சு ஓஞ்ச ராத்திரி, மேரி கெல்லி கொலையான நவம்பர் 9 கொட்டுற மழை. லண்டன்ல அந்தக் காலத்துல நிலக்கரிப் புகையோட சேந்த பனி மோசமா இருந்தது நிஜம்தான், ஆனா அது இந்த ராத்திரிங்களுக்குப் பொருந்தல.

நீங்க பாக்க வேண்டியது வெளிச்சத்தை. செப்டம்பர் 8 லண்டன்ல சூரியன் உதிச்சது 5:23. இதை ஆப்ல போட்டுப் பாத்தா 6:23ன்னு காட்டும், நானும் முதல்ல அப்படியே எடுத்து டைம்லைன் மொத்தத்தையும் குழப்பிக்கிட்டேன். பிரிட்டன்ல கோடைக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தைத் தள்ளி வெக்கறது 1916லதான் வந்துச்சு, 1888ல கிடையாது. சூரியன் வர்றதுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே கிழக்கு வெளுத்துடும், அப்ப 4:50க்கு ஆள் அடையாளம் தெரியற அளவு வெளிச்சம் வந்திருக்கும். ரிச்சர்ட்சனும் அதைத்தான் சொல்றார், முழுசா விடியல ஆனா வெளுத்துக்கிட்டு இருந்துச்சு, இடம் பூரா தெரிஞ்சுதுன்னு. அவர் உக்காந்த படிக்கட்டுக்கும் வேலிக்கும் நடுவுலதான் பாடி கெடந்துச்சு. படில உக்காந்து பூட்ஸ் தோலை அறுக்கறவர் காலடில கெடக்கறது தெரியாம எந்திரிச்சுப் போயிருப்பாராங்கறது எனக்கு நம்பவே முடியல. கதவு பாதி மறைச்சிருக்கும்னு சில பேர் சொல்றாங்க, கதவு திறக்கற பக்கமும் அதுதாங்கறதால அந்த வாதத்தை ஒரேயடியா ஒதுக்க முடியாது, ஆனா அவர் நின்னுக்கிட்டு எட்டிப் பாத்துட்டுப் போகல, உக்காந்திருக்கார்.

தடயக்கனி:

நான் தடயவியல் படிச்சவ, அதனால அந்த "உடம்பு பொய் சொல்லாது"க்கு மட்டும் பதில் சொல்றேன். உடம்பு பொய் சொல்லாது, சரி, ஆனா அது சொல்றதை எதை வெச்சுக் கேட்டாங்கன்னு பாக்கணும்ல. ஃபிலிப்ஸ் தெர்மாமீட்டர் வெக்கல, கையால தொட்டுதான் பாத்தார். உடம்பு சில்லுன்னு இருந்துச்சு, உள்ள குடலுக்கு அடியில மட்டும் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்துச்சு, செத்தப்புறம் கை கால் இறுகற விறைப்பு இப்பதான் ஆரம்பிக்குதுன்னு பதிவு. அவர் அனுபவசாலி, நிதானமான ஆள், அவரைக் குறை சொல்லல, 1888ல பெரும்பாலும் டாக்டருங்க அப்படித்தான் பண்ணாங்க.

உடம்பு ஆறுற வேகம் வெளிக் குளிருக்கும் உடம்புச் சூட்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைப் பொறுத்தது. 37 டிகிரி உடம்பு 10 டிகிரி காத்துல கெடந்தா வித்தியாசம் 27, இருபது டிகிரில கெடந்தா 17தான். அப்ப வெளிக் குளிர் முக்கியம்தான். ஆனா இந்தக் கேஸ்ல அதை விடப் பெரிய விஷயம் வயிறு திறந்து கெடந்தது. தோலும் கொழுப்பும்தான் நம்ம உடம்புக்குப் போர்வை, அதையே பிரிச்சுட்டா உள்ளுறுப்பு நேரா காத்துல சூட்டை விடுது. ஆனி ஏற்கனவே நோயாளி வேற. பாடி கெடந்ததும் வெறும் தரைல, தரை காத்தை விட வேகமா சூட்டை இழுக்கும். இந்த நிலைமைக்கு எந்தச் சூத்திரமும் சரியா உக்காராது.

இன்னிக்கு நாங்க பயன்படுத்தற ஹென்ஸ்கே முறைன்னு ஒண்ணு இருக்கு, ஆசனவாய் வெப்பநிலை, வெளி வெப்பநிலை, உடம்பு எடை, துணி எவ்வளவு, காத்து அடிச்சுதா எல்லாத்தையும் போட்டு நேரம் கணக்குப் பண்ணுவோம். எல்லாமே ஒழுங்கா அளந்து கெடைச்சா கூட அது தர்ற விடை முன்ன பின்ன 2.8 மணி நேரம். நீங்க தீக்க நினைக்கறது ஒரு மணி நேரச் சண்டை. அளவுகோல்ல இருக்கற கோடே அதை விடத் தடிமனா இருக்கு சகோ. கிரீன்விச் ரெக்கார்டுல அன்னிக்கு என்ன நம்பர் இருந்தாலும் இது மாறாது.

பாலி நிக்கல்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்க. டாக்டர் லெவெலின் பாக்கும்போது கை, மணிக்கட்டு சில்லுன்னு இருந்துச்சு, உடம்பும் காலும் சூடாவே இருந்துச்சு, செத்து அரை மணி நேரத்துக்கு மேல ஆகலைன்னார். அரை மணி நேரத்துலயே கை சில்லிட்டுப் போகுது. தொட்டுப் பாக்கறதுல எவ்வளவு ஏமாறலாம்னு இதுலயே தெரியுது.

விறைப்பு பத்தி ஒரு வார்த்தை. குளிர்ல விறைப்பு லேட்டாதான் வரும், அதனால 6:30க்கு விறைப்பு ஆரம்பிச்சிருந்துச்சுன்னா அது டாக்டர் பக்கத்துக்குக் கொஞ்சம் பலம். ஆனா சாகறதுக்கு முன்னாடி போராடிருந்தா விறைப்பு சீக்கிரமும் வரலாம். நான் இதை வெச்சு எந்தப் பக்கமும் சாய மாட்டேன்.

கேஸ்டைரி:

ரொம்ப நன்றி அக்கா, அந்த 2.8 மணி நேரத்தைப் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஆனா ஒரு சந்தேகம். ஃபிலிப்ஸ் சொன்ன அந்தக் குளிர் விஷயத்தை எல்லாரும் அவர் தன்னோட ரெண்டு மணி நேரத்தையே குறைச்சுக்கிட்டார்னு எடுத்துக்கறாங்க, இன்க்வெஸ்டை நடத்துன கரோனர் வின் பாக்ஸ்டர் கூட அப்படித்தான் எடுத்துக்கிட்டு சாட்சிங்க பக்கம் போயிட்டார். எனக்கு என்னமோ அவர் "அதுக்கு மேலயும் இருக்கலாம்"ங்கறதுக்குதான் அந்தக் குளிரைச் சொன்னார்னு தோணுது. ரெண்டு மணி நேரம் உறுதி, மூணா நாலாங்கறதுதான் குளிரால சொல்ல முடியல, அப்படி.

தடயக்கனி:

வாக்கியத்தை ரெண்டு விதமாவும் படிக்கலாம், உங்க வாசிப்பும் நியாயமானதுதான். ஆனா அவர் என்ன அர்த்தத்துல சொல்லிருந்தாலும் கையால தொட்டு ரெண்டு மணி நேரம் உறுதின்னு சொல்ல வழியே இல்ல. அவர் நினைச்சது என்னங்கறது ஒரு கேள்வி, உண்மைல என்ன நடந்துச்சுங்கறது வேற கேள்வி.

மழைக்கணக்கு:

பழைய வானிலை ரெக்கார்டு தேடறது என்னோட பொழுதுபோக்கு, அதனால இதைப் பாத்ததும் உள்ள வந்துட்டேன். கிரீன்விச் வானாய்வுக்கூடம் ஹான்பரி தெருவுல இருந்து சுமார் 7 கிலோமீட்டர், அதுவும் பூங்காவுக்கு நடுவுல குன்று மேல இருக்கு. நெருக்கமான வீடுங்களுக்கு நடுவுல இருக்கற கொல்லையில அதே குளிர் இருக்காது. சில பேர் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரை எடுத்துப் போடறாங்க, அது தினசரிக் கணக்கா 1772ல இருந்தே இருக்கு, அருமையான தொடர், ஆனா பேர்லயே இருக்கே, அது லண்டன் கிடையாது. 1888 கோடை பொதுவாவே குளிர், அந்த ஜூலை இங்கிலாந்துல பதிவான ரொம்பக் குளிரான ஜூலைங்கள்ல ஒண்ணு. பின்னணிக்கு அது சரி, ஒரு சனிக்கிழமைக் காலைக்குச் சாட்சி ஆகாது.

வானிலை நல்லா உதவறது ஆமாவா இல்லையாங்கற மாதிரி கேள்விக்குதான். எலிசபெத் ஸ்ட்ரைடை எடுத்துக்கங்க. செப்டம்பர் 30 ராத்திரி 1 மணிக்கு பெர்னர் தெருவுல பாடி கெடைக்குது. டாக்டர் பிளாக்வெல் 1:16க்கு வந்து பாத்துட்டு துணி மழைல நனையலைன்னு சொல்றார். கான்ஸ்டபிள் வில்லியம் ஸ்மித் 11 மணிக்கு மேல மழை ரொம்பக் கம்மிதாங்கறார். ரெண்டையும் சேத்தா பெரிய மழை பெஞ்ச நேரத்துல அந்தம்மா வெட்டவெளில அலைஞ்சிருக்க மாட்டாங்கன்னு சொல்லலாம். அதே ராத்திரி 11 மணிக்கு மழைக்கு ஒதுங்கி ஒரு ஜோடி மதுக்கடை வாசல்ல நின்னதை ரெண்டு பேர் பாத்திருக்காங்க, அது ஸ்ட்ரைடுதான்னும் சொன்னாங்க. அது அவங்கதான்னா அதுக்கப்புறமும் நனையாம எங்க இருந்தாங்கங்கற கேள்வி வருது. இதுக்கு டிகிரி எதுவும் வேண்டாம், துணி ஈரமா இல்லையாங்கறது போதும்.

இருட்டுச்சந்து:

மேரி கெல்லி கேஸ்லயும் இதே தொல்லைதான், அங்க இன்னும் மோசம். வெளில மழைக் குளிர், ஜன்னல்ல ரெண்டு கண்ணாடி உடஞ்சிருக்கு, உள்ள அடுப்புல பெருசா தீ எரிஞ்சிருக்கு. டாக்டர் பாண்ட் மத்தியானம் 2 மணிக்குப் பாத்து செத்தது ராத்திரி ஒண்ணு ரெண்டுங்கறார், கரோலின் மேக்ஸ்வெல்ங்கற சாட்சி காலை 8:30க்கு மேரியோட பேசினேங்கறாங்க. அந்த ரூம் எத்தனை டிகிரில இருந்துச்சு, தீ எப்ப அணைஞ்சுதுன்னு தெரியாம விறைப்பை வெச்சு என்ன கணக்குப் போடறது.

கேஸ்டைரி:

சரி, டாக்டர் பக்கம்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சாட்சிங்க பக்கமும் முழுசாப் போக முடியல. லாங் 5:30ங்கறதை மதுபான ஆலைக் கடிகாரம் அடிச்சதை வெச்சுச் சொல்றாங்க, கடோஷ் சத்தமெல்லாம் கேட்டுட்டு வேலைக்குக் கிளம்பி சர்ச்சைத் தாண்டும்போது மணி 5:32ங்கறார். அப்ப வேலில மோதுன சத்தம் கேட்டப்புறம் ஆனி வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்தாங்கன்னு ஆகுது. ரெண்டு பேர்ல ஒருத்தர் கால் மணி நேரம் தப்பு. ஆனா ரிச்சர்ட்சனுக்குக் கடிகாரம் தேவையில்ல, வெளுப்பு போதும். நாளைக்கு டைம்லைனை 5:23ஐ நடுவுல வெச்சு முதல்ல இருந்து எழுதறேன், எழுதிட்டு இங்கயே போடறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.