எஃப்எஸ்டேப்ல ஒரு லைன் சேர்த்ததுக்கு அப்புறம் உபுண்டு பூட் ஆகல, டேட்டா போயிடுமா?

ரெண்டாவதா ஒரு ஹார்ட்டிஸ்க் மாட்டி ஃபார்மேட் பண்ணி, அது தானா மவுண்ட் ஆகட்டும்னு எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டர்ல இணைக்கணும், அதாவது மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) அதோட யூயூஐடியைப் (அடையாள நம்பர்) போட்டு ஒரு லைன் சேர்த்தேன். ரீஸ்டார்ட் பண்ணதும் "ஸ்டார்ட் ஜாப் ரன்னிங்"னு ஒன்றரை நிமிஷம் ஓடுது, அப்புறம் எமர்ஜென்சி மோடுன்னு வந்து ரூட் (அட்மின்) அக்கவுண்ட் லாக் ஆகியிருக்குங்குது, என்டர் தட்டினா திரும்ப அதே மெசேஜ். தெரிஞ்சவர் ஒருத்தர் ஓஎஸ்ஸை மறுபடி போட்டுடுங்கறார். ஹோம் ஃபோல்டர்ல வேலை ஃபைல் எல்லாம் இருக்கு, பயமா இருக்கு. வேற வழி இருக்கா?

பதில் 1
தயவுசெஞ்சு ஃபார்மேட் பண்ணிடாதீங்க ப்ரோ, உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல. எஃப்எஸ்டேப்ல சொன்ன டிஸ்க் வரும்னு சிஸ்டம்டி (பூட் வேலைகளை நடத்தற ப்ரோக்ராம்) 90 செகண்ட் காத்திருக்கு, வரலேன்னதும் எமர்ஜென்சிக்குப் போயிடுது, உபுண்டுல ரூட்டுக்கு பாஸ்வேர்டே வைக்கமாட்டாங்க, அதான் உள்ள விடல.

ஆன் பண்ணதும் எஸ்கேப் தட்டி (பழைய பயாஸ்னா ஷிஃப்ட் அமுக்கிப் பிடிச்சு) க்ரப் மெனுவுக்கு (ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கற பூட் மெனு) போங்க. உபுண்டு மேல நின்னு 'இ' அமுக்குங்க. லினக்ஸ்னு ஆரம்பிக்கற லைன்ல 'ஆர்ஓ'வை 'ஆர்டபிள்யூ'ன்னு மாத்தி, கொயட், ஸ்ப்ளாஷ் ரெண்டையும் எடுத்துட்டு, கடைசில ஒரு ஸ்பேஸ் விட்டு இனிட்=/பின்/பேஷ் போட்டு எஃப்10. இந்த மாத்தம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். பாஸ்வேர்ட் கேக்காம ரூட் ப்ராம்ப்ட் வந்துடும், நானோங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல எஃப்எஸ்டேப்பைத் திறந்து நீங்க சேர்த்த லைனுக்கு முன்னாடி ஒரு # போட்டு (அந்த லைனை சிஸ்டம் கண்டுக்காது) சேவ் பண்ணுங்க. அங்க வெறும் ரீபூட் வேலை செய்யாது, சிஸ்டம்டியே ஓடலையே, அதனால முதல்ல சிங்க் (எழுதினதை டிஸ்க்ல பதிய வைக்க), அப்புறம் ரீபூட் -எஃப்.

பதில் 2
க்ரப் மெனு பிடிபடலேன்னா லைவ் யூஎஸ்பில (பென்டிரைவ்லயிருந்தே ஓடற உபுண்டு) பூட் பண்ணி, உபுண்டு இருக்கற பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணி அதுக்குள்ள இருக்கற எஃப்எஸ்டேப்பை எடிட் பண்ணலாம். லைவ் சிஸ்டத்துக்கும் சொந்தமா ஒரு எஃப்எஸ்டேப் உண்டு, நிறைய பேர் அதைத் திருத்திட்டு ஏன் சரியாகலன்னு முழிப்பாங்க, பாதையைப் பாத்துக்கங்க.

கேட்டவர்
வந்துடுச்சு!! எல்லா ஃபைலும் அப்படியே இருக்கு, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிஎல்கேஐடி கமாண்ட் போட்டுப் பார்த்தா டிஸ்க்கோட யூயூஐடியே வேற, குறிச்சு வெச்சதுக்கு அப்புறம் திரும்ப ஃபார்மேட் பண்ணிருக்கேன். இப்ப சரியான நம்பர் போட்டா போதுமா?

பதில் 1
ஆமா, ஒவ்வொரு ஃபார்மேட்டுக்கும் யூயூஐடி மாறும். அந்த லைன்ல டிஃபால்ட்ஸ்ங்கற வார்த்தை பக்கத்துல கமா போட்டு நோஃபெயில் சேருங்க, கமாவுக்கு அப்புறம் ஸ்பேஸ் வரக்கூடாது, வந்தா அடுத்த ஃபீல்டா எடுத்துக்கும். நோஃபெயில் இருந்தா டிஸ்க் இல்லேன்னாலும் சிஸ்டம் அதுபாட்டுக்கு பூட் ஆகும். ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை, மவுண்ட் -ஏ ரெண்டையும் ஓட்டிடுங்க, தப்பு இருந்தா டெஸ்க்டாப்ல இருக்கும்போதே தெரிஞ்சுடும்.

பதில் 3
நோஃபெயில்ல ஒரு சிக்கல் இருக்கு. டிஸ்க் மவுண்ட் ஆகாத அன்னிக்கு பேக்கப் ஸ்க்ரிப்ட் ஓடினா மொத்தமும் டிஸ்க் மவுண்ட் ஆகவேண்டிய காலி ஃபோல்டருக்குள்ள, அதாவது மெயின் டிஸ்க்லயே கொட்டி ரொப்பிடும். டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணிட்டு அந்த காலி ஃபோல்டருக்கு சுடோவோட சிஹெச்ஆட்டர் +ஐ (ஃபோல்டரை மாத்த முடியாம பூட்டற கமாண்ட்) போட்டுடுங்க, மவுண்ட் எப்பவும்போல ஆகும், மவுண்ட் ஆகலேன்னா எதுவும் எழுத முடியாது, ஸ்க்ரிப்ட் எரர் காட்டி நின்னுடும்.