மறு: ஆர்.டி.டபிள்யூ – "பரவல் அகலம்" வேண்டாமே

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் ஆர்.டி.டபிள்யூ (Red cell Distribution Width) என்ற அளவீட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிவருகிறோமே, அதில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது. சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் எண் இது.

> "சிவப்பணுப் பரவல் அகலம்" என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நேரானது, குழப்பமும் வராது.

குழப்பம் வருகிறது ஐயா. பதினெட்டு வருடமாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு அம்மா தன் அறிக்கையில் இந்த வரியைக் காட்டி என்னவென்று கேட்டார். நானும் "சிவப்பணுவோட பரவல் அகலம்மா" என்றேன். "அணு அகலமாயிடுச்சா? உடம்பு முழுக்கப் பரவுதா?" என்று பதறிவிட்டார். நம் பேச்சில் பரவுவது நோயும் தீயும்தான். அவர் பயந்ததில் தப்பே இல்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது.

இங்கே அகலம் அணுவுக்குரியது அல்ல, வரைபடத்துக்குரியது. கருவியில் ஒரு சிறு துளை வழியாக அணுக்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது மின்தடை சட்டென ஏறி இறங்கும். பெரிய அணு என்றால் பெரிய துடிப்பு. இப்படி ஆயிரக்கணக்கான அணுக்களை அளந்து கருவி ஒரு குன்று போல வளைவு வரைகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் குன்று ஒடுங்கி நிற்கும், சிறிதும் பெரிதுமாக இருந்தால் விரிந்துவிடும். கணக்கு எளியது: திட்ட விலக்கத்தைச் சராசரிக் கன அளவால், அதாவது எம்.சி.வி-யால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த மாறுபாட்டுக் கெழுவேதான். பொதுவாக 11.5 முதல் 14.5 சதவீதம் வரை இயல்பு என்று அறிக்கையில் அச்சிட்டிருக்கும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்று பாருங்கள். ஒருவருக்கு இரும்புச்சத்தும் குறைவு, பி12-உம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். முன்னது அணுவைச் சிறிதாக்கும், பின்னது பெரிதாக்கும். சராசரி எடுத்தால் எம்.சி.வி 88 என்று வந்து நிற்கும். இயல்பு எல்லையான 80-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கிறதே, நல்லதுதான் என்று தோன்றும். நல்ல அரிசியில் நொய் கலந்திருப்பது மூட்டையின் எடையில் தெரியாது, சலித்தால்தான் தெரியும். இங்கே சல்லடை ஆர்.டி.டபிள்யூ. அது 19 என்று காட்டும். இரும்புச்சத்துக் குறைவிலும், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் மரபுக்கூறு உள்ளவர்களிடமும் அணு சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் முன்னதில் இந்த எண் பெரும்பாலும் ஏறும், பின்னதில் பல நேரம் இயல்பை ஒட்டியே இருக்கும். இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆனாலும் மருத்துவர் அடுத்து எந்தச் சோதனை எழுதலாம் என்று யோசிக்க உதவும்.

அதனால் "சிவப்பணு அளவு வேறுபாடு" என்கிறேன். அணுக்களுக்குள் அளவு வேறுபடுகிறது, அது எவ்வளவு என்பதுதானே விஷயம்.

> "அளவுச் சீரின்மை" இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான் அம்மா. ஆனால் 13 சதவீதம் என்று வந்தவருக்கு ஒரு கோளாறும் இல்லை. அவர் அறிக்கையிலும் "சீரின்மை" என்று அச்சாகும். அளவீட்டின் பெயர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அனிசோசைட்டோசிஸ் என்று ஒன்று இருக்கிறதே, அணுக்கள் உண்மையிலேயே ஏறுமாறாக இருக்கும் நிலை. "அளவுச் சீரின்மை"யை அதற்கு வைத்துக்கொள்ளலாம், கச்சிதமாகப் பொருந்தும்.

"அகலம்" என்பதற்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில அறிக்கைகளில் ஆர்.டி.டபிள்யூ-எஸ்.டி என்று இரண்டாவது வரி இருக்கும். அது வளைவின் உயரத்தில் 20 சதவீத மட்டத்தில் அளந்த அகலமேதான், பெம்டோலிட்டர் என்ற மிக நுண்ணிய கன அளவு அலகில். அந்த ஒரு வரிக்கு "வளைவு அகலம்" என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம்.

அப்புறம், இலங்கை நண்பர்கள் "செங்குழியம்" என்று எழுதுகிறார்கள். சின்னச் சொல், எனக்குப் பிடித்திருக்கிறது. "செங்குழிய அளவு வேறுபாடு" என்பதையும் இணைச்சொல்லாகப் பதிவு செய்யலாமா? அங்கே மருத்துவமனைகளில் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.