கோபிநாத்தே ஒத்துக்கொண்டார், அப்புறம் நமக்கென்ன?

வைகைக்கரையான்:
‘சூரரைப் போற்று’ மறுபடி பார்த்தேன். மலிவுக் கட்டண விமானக் கம்பெனியான ஏர் டெக்கானைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் கதை. மனிதர் கர்நாடகம், ஹாசன் மாவட்டத்துக் கொரூர்க்காரர். 2020 நவம்பரில் படம் வந்ததும் ட்விட்டரில் எழுதினார்: கற்பனை நிறையவே இருக்கிறது, ஆனாலும் தன் புத்தகத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டார்கள், குடும்பக் காட்சிகளில் சிரிப்பும் அழுகையும் வந்தது என்று. வாழ்ந்தவருக்கே குறையில்லை. படம் நிஜத்தை மாற்றிவிட்டது என்று இங்கே இன்னும் எதற்குச் சண்டை?

கணக்கப்பிள்ளை:
அவருக்குப் பிடித்துப்போனால் நமக்குக் காட்டியது சரியாகிவிடுமா? படத்தில் சோழவந்தான் வாத்தியார் மகன் வெறுங்கையோடு விமானக் கம்பெனிக்கு இறங்குகிறான். நிஜ கோபிநாத் பட்டுப்பூச்சி வளர்த்தார், ஹாசனில் ஓட்டல் வைத்தார், என்ஃபீல்டு டீலர்ஷிப் எடுத்தார். எல்லாவற்றுக்கும் மேல், 90களிலேயே ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் கம்பெனி நடத்தினார். பைலட், லைசென்ஸ், டில்லி ஃபைல் எல்லாம் ஏர் டெக்கான் தொடங்கிய 2003க்கு முன்பே அத்துப்படி. அந்த அனுபவத்தை வெட்டிவிட்டு வெறும் வெறியை மட்டும் காட்டினால், அதை நம்பி வீட்டை அடகு வைக்கிறவன் கதி என்ன?

நொய்யல்:
ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவரைப் பெரியார் வழிப் பிள்ளையாக்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018இல் இந்திக்காரர்கள் ‘பேட்மேன்’ எடுத்தபோது, மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரம் செய்த கோவை முருகானந்தத்தை மத்தியப் பிரதேச மகேஷ்வர்க்காரர் ஆக்கிவிட்டார்கள் என்று நாம் குதித்தோம். கன்னடத்துக்காரரை மதுரைக்காரர் ஆக்கினால் மட்டும் கைதட்டலா?

வைகைக்கரையான்:
இரண்டும் ஒன்றில்லை சார். கோபிநாத்தின் மனைவி பார்கவி பேக்கரி நடத்தியவர், படத்தில் நாயகன் மனைவி பொம்மியும் நடத்துகிறாள். மனைவிக்கு உரிய இடம் படத்தில் இருக்கிறது. ‘பேட்மேன்’ அப்படியா? முருகானந்தத்தின் மனைவி பிரிந்து போய், பிறகு திரும்பி வந்து அவரோடு வாழ்கிறார். படத்திலோ நாயகனுக்கும் டில்லிப் பெண் ஒருத்திக்கும் நடுவே காதல். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியை எப்படிப் பார்த்திருப்பார்? ஊர் மாறினதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

கணக்கப்பிள்ளை:
சரி, ‘சூரரைப் போற்று’ முடியும் விதத்துக்கு வாருங்கள். படம் வெற்றியோடு முடிகிறது. நிஜத்தில் நஷ்டம் தாங்காமல் 2007இல் மல்லையாவின் குழுமத்துக்குப் பங்குகள் போயின. அடுத்த வருஷம் அவருடைய விமானக் கம்பெனியான கிங்ஃபிஷரோடு இணைப்பு. 2012இல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்தியது. ஒரு ரூபாய் டிக்கெட் விற்றவர் கம்பெனியை ஏன் கைவிட நேர்ந்தது என்பதுதான் தொழில் செய்பவனுக்கு வேண்டிய கதை.

வைகைக்கரையான்:
அதற்குத்தான் கோபிநாத் எழுதிய ‘சிம்ப்ளி ஃப்ளை’ புத்தகம் இருக்கிறதே. படம் இரண்டரை மணி நேரம்தான்.

நொய்யல்:
புத்தகத்தை எத்தனை பேர் புரட்டினார்கள்? எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் கோபிநாத் சோழவந்தான்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.